கரண்ட் வைக்காத வைத்தியம்

பெங்களூரிலும் ஒரு ஹெப்பாள் உண்டு. மேம்பாலமும் நெரிசலுமாகச் செய்திகளில் அடிபடுவது அதுதான். நான் போனது மைசூர் ஹெப்பாளுக்கு. அரண்மனை, மிருகக்காட்சி சாலை, பிருந்தாவனத் தோட்டம் என்று பள்ளிச் சுற்றுலாவில் மைசூரைப் பார்த்து வந்தவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஊருக்கு வடமேற்கே, வெளிவட்டச் சாலையை ஒட்டிய பகுதி. ஒரு பக்கம் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள், இன்னொரு பக்கம் குடியிருப்புகள், ஓர் ஏரி. ஒரு முதுகுக்கு இங்கே என்ன கிடைத்துவிடப் போகிறது என்று கேட்டுத்தான் எங்கள் வீட்டில் என்னை வழியனுப்பினார்கள்.

கோவில்பட்டியில் சாயங்காலம் மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலை பெங்களூரைத் தாண்டியதும் நிலத்தின் முகம் மாறிவிடுகிறது. ராமநகரத்தின் மொட்டைப் பாறைகள், சென்னபட்டணத்து மரப்பொம்மைகள், மண்டியாவின் கரும்பு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து ஒரு தீவைக் கட்டிக்கொண்டு ஓட, ரயில் இரண்டு கிளைகளையும் அடுத்தடுத்துக் கடக்கிறது. திருச்சியில் அகண்ட காவிரியைப் பார்த்துப் பழகிய எனக்கு, பாறைகளுக்கு நடுவே புரண்டு வரும் இந்தக் காவிரியைக் கண்டதும் நெஞ்சு நிறைந்தது. உட்கார்ந்தால் இடுப்பு அரை மணிக்கு மேல் தாங்காது. கதவோரம் நின்றேதான் அதைப் பார்த்தேன்.

எனக்குத் தொழில் சிவகாசி அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துவது. காலண்டர், நோட்டுப் புத்தகம், பள்ளிக்கூட வழிகாட்டி நூல் என்று வருஷம் முழுக்க மேஜைமேல் குனிந்த வேலை. கீழ்முதுகில் ஆரம்பித்த வலி, நாளாவட்டத்தில் வலது பிட்டம் வரை இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்தேன். எல்4–எல்5 டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, எல்5–எஸ்1 தேய்ந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் போன இடங்களிலெல்லாம் கரண்ட் வைத்தார்கள். டிராக்‌ஷன் கட்டிலில் படுக்கவைத்து இடுப்பை இழுத்தார்கள். கெட்டி பெல்ட் ஒன்றை வாங்கிக் கட்டச் சொன்னார்கள். குனியாதே, தரையில் உட்காராதே, குடம் தூக்காதே என்ற பட்டியலும் கூடவே வந்தது. ஓரிடத்தில் ஆபரேஷனுக்கு நாள்கூடக் குறிக்கப் பார்த்தார்கள்.

அக்கா மகள் ஹெப்பாளில் இன்ஃபோசிஸ் வளாகத்தில் வேலை பார்க்கிறாள். அவள்தான் போனில் சொன்னாள்: "மாமா, இங்க ஒரு பிசியோ அக்கா இருக்காங்க. கரண்ட் வைக்கமாட்டாங்க. பெல்ட்டையும் கழட்டச் சொல்லிருவாங்க. எங்க டீம்ல ரெண்டு பேர் போய் நல்லாருக்காங்க. நீங்க கொஞ்ச நாள் இங்க வந்து தங்குங்க."

அவள் வேலை பார்க்கும் வளாகத்தை வெளியிலிருந்து பார்த்தாலே பிரமிப்பு. ஏறத்தாழ 350 ஏக்கர். கல்லூரி முடித்து வரும் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் தங்கவைத்துப் பயிற்சி கொடுக்கும் இடம் அது. உள்ளே ரோமாபுரிக் கட்டடங்களின் சாயலில் தூண் நிரை வைத்த பயிற்சி மாளிகை இருக்கிறது. 2009-இல் சோனியா காந்தி திறந்துவைத்தார். 2024 டிசம்பர் 31 அன்று அந்த வளாகத்துக்குள் ஒரு சிறுத்தை நுழைந்துவிட, எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டார்களாம். காட்டையும் கணினியையும் இத்தனை பக்கத்தில் வைத்திருக்கும் ஊர் நம் பக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

பிசியோதெரபி நிலையம் ஓர் அய்யங்கார் பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறும்போதே காரபன் வாசனை கூடவே ஏறி வந்தது. உள்ளே மூன்று பாய்கள், உயரம் வேறுபட்ட நாலைந்து மர ஸ்டூல்கள், சுவரில் சாத்திய மூங்கில் கம்புகள், மணல் நிரப்பிய சாக்குப் பைகள். மூலையில் பழைய டிராக்‌ஷன் கட்டில் ஒன்று கிடந்தது. அதன்மேல் பாய்களையும் தலையணைகளையும் அடுக்கியிருந்தார்கள். மின்சாரத்தில் ஓடிய பொருள்கள் விசிறியும் விளக்கும்தான்.

அந்தப் பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். கொள்ளேகாலத்துக்காரர், அம்மா வழியில் தமிழ் பேசுகிறார், நடுவே கன்னடம் வந்து விழும். "உக்காரணுமா, நிக்கணுமா, நடந்துக்கிட்டே பேசணுமா, எது சௌகரியமோ அப்படி இருங்க சார்" என்றார். நின்றேன். அவரும் நின்றார். முதல் நாள் அவர் என் முதுகைத் தொடுவதற்கு முன்பு வெகுநேரம் பேசினோம்.

ராத்திரி வலி எழுப்புகிறதா? காலையில் விறைப்பு எவ்வளவு நேரம்? சாயங்காலக் காய்ச்சல் உண்டா? எடை குறைந்ததா? வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா? கீழே விழுந்தேனா? புற்றுநோய்க்கு எப்போதாவது சிகிச்சை எடுத்தேனா? பிறகு குரலைத் தாழ்த்தாமல், தயங்காமல், "மூத்திரம் போறதுல ஏதாவது மாத்தம்? அடக்க முடியாம போறது, இல்ல முக்கினாலும் வராம இருக்கறது? சைக்கிள் சீட்டு படற எடத்துல மரத்துப்போச்சா?" என்று கேட்டார். அந்த அறிகுறிகள் இருந்தால் தன்னிடம் வரும் கேஸ் இல்லை அது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய கேஸ் என்றார். முதுகெலும்பில் காசநோய் இன்னும் நம் நாட்டில் இருக்கிறது; முதுகுவலி என்று மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்து கால் விழுந்துபோன பிறகு வருகிறவர்கள் உண்டு. இந்தக் கேள்விகளைக் கேட்காமல் ஒருவர் முதுகில் கைவைத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும் என்பது என் துணிபு.

பிறகுதான் பரிசோதனை. மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்த்தார். கால் பெருவிரலைக் கையால் அழுத்தி, "எதுத்துத் தள்ளுங்க" என்றார். குதிகாலில் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நடக்கச் சொன்னார். சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழேயும் குதிகாலுக்கு மேலேயும் தட்டினார். பஞ்சால் காலின் பல இடங்களில் தொட்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். நரம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் என் எம்.ஆர்.ஐ. உறையையே பிரித்தார்.

"சார், உங்க வயசுக்காரங்க, முதுகுவலியே இல்லாதவங்க நூறு பேரைப் புடிச்சு ஸ்கேன் எடுத்தா என்ன தெரியும்னு நினைக்கிறீங்க?"

2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பைச் சொன்னார். முதுகில் எந்த வலியும் இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்த ஆய்வு அது. ஐம்பது வயதில் 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானமும் 60 சதவீதம் பேருக்குப் பிதுக்கமும் இருந்தன. இருபது வயதுப் பிள்ளைகளிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம். எண்பதில் 96 சதவீதம். வலியே இல்லாதவர்களுக்கு! தலை நரைப்பதும் தோல் சுருங்குவதும் உள்ளே எலும்புக்கும் நடக்கிறது என்பதைத் தாண்டி அந்த வரிகளுக்குப் பெரும்பாலும் பொருளில்லை என்றார். ஸ்கேனை எடுத்து வீட்டு பீரோவில் பத்திரப்படுத்தி, உறவுக்காரர்களுக்கெல்லாம் காட்டி, "டிஸ்க் போன ஆள்" என்று பேரெடுத்து வாழும் மனிதர்கள் எங்கள் தெருவிலேயே எத்தனை பேர்! அந்த ஒரு வரிக்குப் பயந்து குனியாமல் இருந்தே இடுப்பு இரும்பாகிப்போனவர்கள் அவர்கள்.

அப்படியானால் இந்த வலி பொய்யா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். வலி நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் மூன்று மாதத்தைத் தாண்டிய வலிக்கு, முதலில் பட்ட அடி மட்டும் காரணமாக இருப்பதில்லை. நரம்பு மண்டலம் அளவுக்கு மீறி விழிப்பாகிவிடுகிறது. ஒருநாள் திருடன் வந்துபோன வீட்டு நாய், அதன்பிறகு தபால்காரரைக் கண்டாலும் குரைக்கிறதில்லையா, அதுதான் நடக்கிறது என்றார். நாயை அடித்துப் பயனில்லை. தபால்காரர் தினமும் வர வேண்டும். வந்து ஒன்றும் செய்யாமல் போக வேண்டும். குனிவது, நிமிர்வது, தூக்குவது எல்லாமே அந்தத் தபால்காரர்கள்தான். சரியாகத் தூங்காத இரவும், வேலை போய்விடுமோ என்ற கவலையும் அந்தக் குரைப்பை ஏற்றிவிடும். என் தூக்கத்தைப் பற்றியும் அச்சகத்தில் ஆள்குறைப்பு பற்றியும் அவர் ஏன் அவ்வளவு நேரம் கேட்டார் என்று அப்போது விளங்கியது.

"உங்களுக்கு என்ன செய்ய ஆசை? வலி போகணும்ங்கறத விட்டுட்டுச் சொல்லுங்க."

"கல்யாண வீட்டுல பந்தியில தரையில உக்காந்து சாப்பிட்டு, யார் கையும் புடிக்காம எழுந்திரிக்கணும்" என்றேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். ஸ்டூல்கள் எதற்கு என்று அடுத்த நாள் தெரிந்தது. உயர ஸ்டூலில் உட்கார்ந்து எழுவது, அது எளிதானதும் அடுத்தது, பிறகு அதற்கும் தாழ்ந்தது, பிறகு ஒரு முழங்காலை ஊன்றி எழுவது, கடைசியில் பாய். என் ஆசையைத் துண்டு துண்டாக நறுக்கிப் பயிற்சியாக்கிக் கொடுத்துவிட்டார்.

முதல் பயிற்சி குப்புறப் படுப்பது. பிறகு முழங்கையை ஊன்றி நெஞ்சை உயர்த்துவது, பிறகு உள்ளங்கையை ஊன்றி இடுப்பைத் தரையிலேயே விட்டுவிட்டு மேல் உடம்பை மட்டும் தூக்குவது. எட்டு பத்து முறை செய்ததும் பிட்டத்தில் இருந்த வலி மேலேறி இடுப்பின் நடுவுக்கு வந்தது. பயந்துபோய்ச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. காலிலோ பிட்டத்திலோ இருக்கும் வலி நடுமுதுகை நோக்கிச் சுருங்கி வந்தால் அது நல்ல சகுனம். காலை நோக்கி இறங்கினால் அந்தப் பயிற்சி அந்த ஆளுக்கு ஆகாது. இந்த வித்தையின் பிறப்பைக் கேட்டு வியந்தேன். 1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கன்ஸி என்ற பிசியோதெரபிஸ்டிடம் ஸ்மித் என்றொருவர் கால்வலியோடு வந்திருக்கிறார். கட்டிலில் போய்ப் படுக்கச் சொல்லிவிட்டு மெக்கன்ஸி வேறு நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்தார். கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. ஸ்மித்தோ அதிலேயே குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னோக்கி வளைந்தபடி கிடந்தவரைச் சில நிமிடம் கழித்து வந்து பார்த்து மெக்கன்ஸி பதறியிருக்கிறார். ஸ்மித்தோ, பல வாரங்களில் கால் இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை என்றாராம். தற்செயலாய் நடந்த அதை விடாமல் பிடித்து, யாருக்கு எந்தத் திசை ஒத்துவருகிறது என்று ஆயுள் முழுக்கத் தேடினார் மெக்கன்ஸி. சிலருக்குப் பின்வளைவு, சிலருக்கு முன்வளைவு. எனக்குப் பின்வளைவு.

அடுத்தது கம்பு. மூங்கில் கம்பை முதுகோடு நிறுத்தி, ஒரு கையைக் கழுத்துக்குப் பின்னாலும் ஒரு கையை இடுப்புக்குப் பின்னாலும் கொண்டுபோய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னந்தலை, தோள்பட்டைகளுக்கு நடு, பிட்டத்துக்கு மேலுள்ள எலும்பு: மூன்று இடத்திலும் கம்பு ஒட்டியிருக்க வேண்டும். அந்த ஒட்டு விடாமல், முழங்காலைச் சற்றே மடக்கி, பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குனிய வேண்டும். முதுகு மடியாது; இடுப்பு மூட்டில்தான் மடிப்பு விழும். முதலில் என் தலை கம்பை விட்டுவிட்டு முன்னால் போனது, அடுத்து பிட்டம் விட்டது. அவர் ஒரு விரலை மட்டும் என் இடுப்பு மடிப்பில் வைத்து, "இங்கேருந்து" என்றார். வந்துவிட்டது. தொடையின் பின்பக்கச் சதை இழுபட்டு வேலை செய்ய, வலியில்லாமல் குனிந்து என் முழங்காலைப் பார்த்தேன். பெல்ட் கட்டிய வருஷங்களில் நான் பார்க்காத கோணம் அது. கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் மணல் பை: முதலில் ஐந்து கிலோ, அது பழகியதும் ஏழரை. முதுகைச் சுருட்டிக் குனிவதும் பாவமில்லை, தேறியபின் அதையும் செய்யலாம் என்றார். இப்போதைக்குச் சதைக்கு ஒரு புது வழி தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கரண்ட் ஏன் வைப்பதில்லை என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது, அறுவை சிகிச்சை இல்லாமல் நாள்பட்ட கீழ்முதுகு வலியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று. அந்த நிறுவனம் இந்த நோய்க்கென்று கொடுத்த முதல் வழிகாட்டி. 2020 கணக்குப்படி உலகில் 61.9 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்தது, 2050-இல் 84.3 கோடியாகும் என்று கணித்திருக்கிறார்கள். இத்தனை கோடிப் பேருக்கு அவர்கள் பரிந்துரைப்பவை: நோயைப் புரியவைக்கும் கல்வி, முறையான உடற்பயிற்சி, மனத்தைத் தேற்றும் சிகிச்சை, மசாஜ், பயிற்சி பெற்றவர் கையால் செய்யும் முதுகெலும்புச் சிகிச்சை, ஊசி குத்தும் சிகிச்சை முதலியவை. வேண்டாம் என்று ஒதுக்கியவற்றில் இடுப்புப் பெல்ட் இருக்கிறது. டிராக்‌ஷன் இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் ஒத்தடம் இருக்கிறது. தோல்மேல் ஒட்டிக் கொடுக்கும் கரண்ட்டும் இருக்கிறது. நம்மூரில் பிசியோதெரபி என்றால் ஜனங்கள் மனத்தில் எது வருகிறதோ அநேகமாக அதெல்லாம் இரண்டாவது பட்டியலில்! இவற்றுக்குப் பின்னுள்ள ஆதாரங்கள் இன்னும் உறுதிப்பட வேண்டும், பரிந்துரைகள் நிபந்தனையோடு கூடியவை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால், இயந்திரத்துக்கு முன் இருபது நிமிடம் படுத்துக் கிடந்துவிட்டுப் போகிறவருக்கு, தன் உடம்பைத் தானே தேற்ற முடியும் என்ற எண்ணமே வராமல் போய்விடுகிறது என்று அவர் சொன்னதை நான் அப்படியே ஒத்துக்கொள்கிறேன். கூலி வேலைக்குப் போகிற ஒருவர் அரைநாள் சம்பளத்தை விட்டு, பஸ் பிடித்து வந்து, கரண்ட் வைத்துக்கொண்டு போகிறார். போகும்போது அவர் கையில் ஒரு பயிற்சிகூட இல்லை. இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

படுத்து ஓய்வெடுப்பதும் அப்படித்தான். 1986-லேயே அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்திருக்கிறது. முதுகுவலிக்காரர்களில் ஒரு பாதியை இரண்டு நாள் படுக்கச் சொன்னார்கள், மறுபாதியை ஏழு நாள். ஏழு நாள் படுத்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு நன்மையும் இல்லை. வேலைக்குத் திரும்பத்தான் தாமதமானது.

அங்கு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகள் ஒருபுறம். தொழிற்பேட்டையில் லாரியில் சரக்கேற்றும் ஒருவர், என் மணல் பையைப் போல் நான்கு பைகளைக் கட்டித் தூக்குவார். ஊதுபத்தி உருட்டும் அம்மா ஒருவர். மைசூர் ஊதுபத்திக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குத் தெரியும். அந்த வாசனைக்குப் பின்னால், தாழ்ந்த பலகைக்கு முன் காலை மடக்கிக் குந்தி, நாளெல்லாம் குச்சியை உருட்டும் பெண்களின் இடுப்பு இருக்கிறது. அந்த அம்மாவிடம், இப்படித்தான் உட்கார வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் ஒருநாளும் சொல்லவில்லை. ஒரு கட்டு முடிந்ததும் எழுந்து வாசல்வரை போய்வர வேண்டும், அடுத்த கட்டுக்குக் காலை மாற்றிப்போட வேண்டும், அதற்கடுத்ததைப் பலகையை உயர்த்திவைத்து நின்றபடி உருட்ட வேண்டும். எந்த இருப்பும் கெட்ட இருப்பு இல்லை, ஒரே இருப்பில் நெடுநேரம் கிடப்பதுதான் கெடுதல் என்பது அவர் கட்சி. என் மெய்ப்புத் தாள்களையும் அப்படியே பிரித்துக்கொள்ளச் சொன்னார்: எட்டுப் பக்கம் உட்கார்ந்து, எட்டுப் பக்கம் நின்று.

சிகிச்சை இல்லாத பொழுதுகளில் ஊர் பார்த்தேன். ஜகன்மோகன அரண்மனைக்கு ரவிவர்மா ஓவியங்களைப் பார்க்க எல்லாரும் போவார்கள். நான் வேறொன்றுக்காகப் போனேன். 1933-இல் மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தியது இந்த வளாகத்தில்தான். மெலிந்து, நோயில் அடிபட்டுக் கிடந்த மைத்துனப் பையன் ஒருவன் இங்கே அவரிடம் கற்கத் தொடங்கினான். அவன்தான் பின்னாளில் உலகறிந்த பி.கே.எஸ். அய்யங்கார். கட்டை, கயிறு, நாற்காலி ஆகியவற்றைத் துணையாக வைத்து, வளையாத உடம்புக்கும் ஆசனத்தைக் கொண்டுசேர்த்தவர் அவர். இன்னொரு மாணவர் பட்டாபி ஜோயிஸ். அவர் வழிவந்த பள்ளிக்காக ஹெப்பாளுக்குப் பக்கத்துக் கோகுலத்தில் இன்றும் வெளிநாட்டார் விடிவதற்கு முன்பே பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பின் யோகசாலை 1950-இல் மூடப்பட, கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்கு வந்து, நூறு வயதைத் தொட்டு 1989-இல் மறைந்தார். தொண்ணூற்றாறாவது வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது ஆபரேஷன் வேண்டாமென்று, படுக்கையிலேயே செய்யத்தக்க பயிற்சிகளைத் தனக்குத் தானே வகுத்துக்கொண்டார் என்று அவர் வரலாற்றில் சொல்கிறார்கள். எலும்பு முறிந்தவர்கள் அதைப் பின்பற்றக் கூடாது. ஆனால் படுக்கையில் இருந்தபடியே, இன்று இந்த உடம்பால் எது முடியும் என்று கேட்டாரே, அந்தக் கேள்வியைத்தான் பேக்கரி மாடியிலும் தினமும் கேட்கிறார்கள். நான் குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கிய பயிற்சிக்கும் புஜங்காசனத்துக்கும் உள்ள ஒற்றுமையை அரண்மனை வளாகத்தில் நின்று நினைத்துக்கொண்டேன். வெலிங்டனும் மைசூரும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே வளைவுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

சாயங்காலங்கள் ஏரிக்கு. ஒரு காலத்தில் கழிவுநீர் கலந்து நாறிக் கிடந்த ஹெப்பாள் ஏரியை, இன்ஃபோசிஸ் அறக்கட்டளை சுத்திகரிப்பு நிலையம் கட்டி மீட்டுக் கொடுத்திருக்கிறது. கரையோரம் நடப்பதுதான் எனக்கு எழுதப்பட்ட மருந்து. முதலில் பத்து நிமிடம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அரை மணி. 2024-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், முதுகுவலியிலிருந்து தேறிய 701 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு மட்டும் பிசியோதெரபிஸ்ட் துணையோடு படிப்படியாக நடைப்பயிற்சி கொடுத்தார்கள். நடந்தவர்களுக்கு வலி திரும்பிவர நடுவளவில் 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாளிலேயே திரும்பிவிட்டது. செருப்பைத் தவிர வேறு செலவில்லாத மருந்து இது! ஏரிக்கரையில் தினமும் எதிர்ப்படும் பெரியவர் ஒருவர், என் நடையைப் பார்த்தே "சொண்ட்ட நோவா?" என்று விசாரித்து, தாமும் அப்படி வந்தவர்தான் என்று கையால் இடுப்பைத் தட்டிக் காட்டினார்.

சாமுண்டி மலைக்கும் ஏறினேன். ஆயிரம் படியில்லை, வழியில் இருக்கும் நந்திச் சிலை வரைக்கும்கூட இல்லை. பிசியோதெரபிஸ்ட் குறித்துக்கொடுத்த அளவுதான். மறுநாள் வலி பழைய கோபத்தோடு எழுந்தது. அக்கா மகள் பதறிப்போய், "மாமா, பெல்ட்ட எடுத்துக் கட்டிக்கோங்க" என்றாள். போனில் கேட்டோம். "கால் மரக்குதா? இல்ல. மூத்திரம்? சரியா இருக்கு. அப்ப பயப்படவேண்டாம் சார். இன்னைக்கு எல்லாத்தையும் பாதியாக்குங்க. நிறுத்தாதீங்க" என்றார். பாதி நடை, பாதிப் பயிற்சி. இரண்டொரு நாளில் அடங்கியது. வலி வந்தால் போகவும் போகும் என்று உடம்பு அறிந்துகொண்டது அந்த நாள்களில்தான். தேறிய பின் வலியே வராது என்று அவர் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. வரும்போது என்ன செய்வது என்று கற்றுக்கொடுத்தார்.

புறப்படும் முன் ஒரு தாள் கொடுத்தார். அவருக்குத் தமிழ் எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல அக்கா மகள் எழுதினாள். பயிற்சிகள், அளவுகள், எப்போது கூட்டுவது, எப்போது பாதியாக்குவது, எந்த அறிகுறி வந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

ஊர் திரும்பியதும் அச்சகத்தில் பைண்டிங் பிரிவுப் பெண்கள் அந்தத் தாளின் நகலைக் கேட்டார்கள். நாள் முழுக்கத் தரையில் குந்தி அச்சுத் தாள் மடிப்பவர்கள், இடுப்புவலி இல்லாத ஆளே அங்கே கிடையாது. ஹெப்பாளுக்குப் போன் செய்தேன். "அது உங்களைப் பார்த்து உங்களுக்கு எழுதினது சார். அவங்களை அவங்க ஊர்ல ஒருத்தர் உக்காரவெச்சுக் கேக்கணும்" என்றார். நம்மிடம் ஆள் இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். ஆகவே நகலுக்குப் பதிலாக அவர்களுக்கு இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன்: நான் தினமும் வீட்டில் என்ன பயிற்சி செய்ய வேண்டும்? எந்த அளவு ஆனதும் அதைக் கூட்ட வேண்டும்? வருகிற வியாழக்கிழமை இரண்டு பேர் அரைநாள் லீவு சொல்லி, அரசு மருத்துவமனைக்குப் போகிறார்கள். முதலாளியிடம் நான் பேசிவிட்டேன். அந்த அரைநாளுக்குச் சம்பளம் பிடிக்கமாட்டார்.